எமன் வாயில் யாருமில்லை

படகை எமன் வாய் என்கிற கடல் குகைக்கு நேரே நிறுத்திவிட்டு, இங்கே இதுவரை ஒரு ஈ எறும்புகூடச் செத்ததில்லை என்று ஈஸ்வரன் சத்தியம் செய்தான்.

சொல்லி முடிப்பதற்குள் குகை ஒரு அலையை முழுசாக விழுங்கி, பாறை அதிர வெளியே துப்பியது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்ரீதர் முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. படகோட்டியும் தமிழ் ஆள் என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். அதற்காகக் கேள்வியை விடுவதாக இல்லை.

வருஷத்துக்கு ஒரு ஆளை இது காவு வாங்குகிறதாமே என்றார்.

அது ஈஸ்வரனே கட்டிவிட்ட கதை. மாயாபந்தர் படகு ஜெட்டியில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிவந்து, இதே இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வான். தப்பி ஓடிவந்த கைதி, ஜப்பான்காரச் சிப்பாய், கல்யாணமான கையோடு வந்த கல்கத்தா ஜோடி என்று கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி பிணம் மாறும். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் சொல்வான்.

வெறும் பாறைப் பொந்து என்றால் யார் வருவார்கள்? எமன் வாய் என்றால் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள்.

போன மாதம் வந்த ஒரு புண்ணியவான் அத்தனையையும் நம்பிவிட்டார். இப்படிப்பட்ட கொலைகார இடத்துக்குப் படகு விடலாமா என்று ஊருக்குப் போய்ப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

அதில் ஒரே ஒரு சாவு நிஜம் என்று தெரிந்தால் போதும், இடத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஈஸ்வரன் அவசரமாகச் சிரித்து வைத்தான்.

"எல்லாம் சும்மா விட்ட கஹானி சார். ஏக்தம் சேஃப்."

இவன் பேச்சை நம்ப அதிகாரிக்கு மனசில்லை. படகின் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த தங்கத்தைக் கேட்டார். தங்கம் ஈஸ்வரனின் மனைவி. வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது அவள் வேலை.

யாரும் சாகவில்லை என்றாள் தங்கம். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது, நீங்களாவது நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். இனிமேல் இந்தக் கதையெல்லாம் விடக்கூடாது, ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும் வைக்க வேண்டும், படகு வழக்கம்போல ஓடட்டும் என்றார்.

ஈஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படகைத் திருப்பினான்.

வேலை முடிந்துவிட்டதால் ஸ்ரீதர் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார்.

"ஒரு பையன் சார். மெயின்லேண்டுல இருக்கான்" என்றான் ஈஸ்வரன்.

அப்படியா, எந்த ஊரில் என்று ஆசையாகக் கேட்டார்.

ஈஸ்வரன் வாயைத் திறந்தான். நின்ற இடத்தில் பத்துப் பிணத்தை உண்டாக்கிவிடுகிற மனுஷனுக்கு ஒரு ஊர்ப் பெயர் வரவில்லை. கடலைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மதுரை என்றாள் தங்கம்.

அப்புறம் ஜெட்டி வரைக்கும் அதிகாரி மதுரை வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு ஈஸ்வரன் திரும்பி வந்தான். தங்கம் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் மதுரை என்று கேட்டான்.

"எங்க அத்தை வீடு அங்கதான இருக்கு. வேற எங்க அனுப்பச் சொல்றீங்க? எம்புள்ள எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பொந்துக்குள்ளயே கெடப்பான்."