சாம்பல் வைத்த சுரை

நகம் இறங்கவில்லை.

நேற்று இறங்கியது. இன்று தோலில் பிறை போல ஒரு கீறல் மட்டும் விழுந்தது.

முற்றுகிறது.

அதைச் சொல்லிச் சந்தோஷப்பட அவளுக்கு யாரும் இல்லை. காயிடமே சொன்னாள்.

வேலியில் தொங்கிய அந்தச் சுரைக்காயை விடிந்ததும் வந்து நகத்தால் அழுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். சந்தையில் பிஞ்சு பார்த்து வாங்குகிறவர்கள் அப்படித்தான் அழுத்துவார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே சோதனை.

வைகாசியில், தாராபுரத்து விதைத் திருவிழாவில், முன்பின் தெரியாத ஒரு பெண் ஆறு விதைகளை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"எனக்குத் திருப்பித் தர வேண்டாங் கண்ணு. தையில இங்க வா. உன்னாட்டம் புதுசாக் காட்டு வேலைக்கு வந்தவங்க யாராச்சும் நிப்பாங்க. அவங்க கையில குடு."

நான்கு முளைக்கவில்லை. ஒரு கொடியை வண்டு தின்றது. மிஞ்சிய கொடியில் விதைக்கென்று மிஞ்சியது இந்த ஒரு காய்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம். இப்போது முப்பது சென்ட் குத்தகை. படுக்க மோட்டார் அறை.

பக்கத்து நிலம் செங்கோடனுடையது. இந்த முப்பது சென்ட்டையும் பத்தொன்பது வருடம் குத்தகைக்கு உழுதவர் அவர்தான். அவள் வந்தாள், அவர் கையை விட்டுப் போயிற்று. வந்த புதிதில், பால்காரரிடம் அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"தையல் மிசின் மிதிச்ச காலு வரப்புல எத்தன நாளைக்கு நிக்குதுன்னு பாக்கலாம்."

அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

அதன் பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. எதிரில் வந்தால் வரப்பு மாறிவிடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்தது.

நான்காம் நாள் காயில் கரும்புள்ளிகள் தெரிந்தன. தொட்டால் நீர் கசிந்தது. ஒவ்வொரு புள்ளியும் பிறை வடிவம்.

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

வண்டு இல்லை. அணில் இல்லை. அவள்தான்.

என்ன செய்வது என்று கேட்க ஆளில்லை. வேலிக்கு அந்தப் புறம் ஒருவர் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். கேட்க நா எழவில்லை.

"என் கையே கெடுத்துருச்சு சாமி. இத மட்டும் காப்பாத்திக் குடு."

வாய்விட்டே சொல்லிவிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் பக்கத்தில் கேட்ட மனிதக் குரல் அது.

மறுநாள் காலை, ஒவ்வொரு காயத்தின் மேலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

திருநீறு என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டாள். அடுப்புச் சாம்பல். துணியில் சலித்த சாம்பல்.

அவளிடம் இருப்பது காஸ் அடுப்பு. சுற்றுவட்டாரத்தில் விறகுப் புகை எழுகிற கூரை ஒன்றே ஒன்றுதான், வேலிக்கு அந்தப் புறம்.

கைகள் தாமாகக் குவிந்தன. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

மழை சாம்பலைக் கழுவியது. விடிந்தால் புதுச் சாம்பல் இருந்தது.

அவள் விடியலில் வருவதை நிறுத்திக்கொண்டாள். வெயில் ஏறிய பிறகே வேலிப்பக்கம் போனாள். வருகிறவர் சங்கடமில்லாமல் வந்து போகட்டும்.

கார்த்திகையில் காயங்கள் காய்ந்து தழும்பாயின. மார்கழியில் கொடி பட்டுப்போனது.

தையில் காயைக் காதருகே வைத்து ஆட்டினாள்.

உள்ளே விதைகள் கலகலத்தன.

உடைத்தபோது பாதி சொத்தை. பாதி நல்ல விதை, பழுப்பாக, திண்ணென்று. அதில் சரிபாதியை முடிந்து வைத்தாள். அது தாராபுரத்துக்கு.

மறுபாதியை ஏந்திக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

"ஏனுங்க."

செங்கோடன் நிமிர்ந்தார். விதையைப் பார்த்தார். ஏந்தியிருந்த கையைப் பார்த்தார்.

"வெதை இருக்கட்டும். மொதல்ல அந்த நகத்த வெட்டுங்கம்மிணி."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார்.

இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார்.