கோபுரத்தில் இரண்டு பெண்கள்

முதிய வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா யூலியானா வாசல் கதவின் கைப்பிடியை மறுபடியும் உலுக்கினார். கதவு அசையவில்லை.

சாவி யாரிடம் என்று கேட்டார்.

மன்னாரிலிருந்து கடல்கடந்து வந்து, இந்த வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் செலஸ்ரீனா மேசையில் பழத்தை எடுத்து வைத்தாள்.

நேற்றிலிருந்து சிஞ்ஞோரா எதுவும் சாப்பிடவில்லை. இன்றும் மறுத்தால் மருத்துவமனையில் கட்டிலோடு கட்டித்தான் சேலைன் ஏற்றவேண்டி வரும் என்று மகன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

பூட்டி வைக்கச் சொன்னவனும் அவன்தான். போன மாதம் சிஞ்ஞோரா இரவு உடுப்போடு வுச்சீரியாச் சந்தையில் நின்று, என்றோ இறந்துபோன கணவருக்கு மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முன்பு இங்கே வேலை செய்த அனிற்றா எச்சரித்திருந்தாள். காவல்காரி என்று நினைத்துவிட்டால் மனுசி உன் கையால் தண்ணீர்கூட வாங்காது; என் முகத்தில் சூப்பை ஊற்றினது, அதுவும் உப்பில்லாத சூப் என்று.

செலஸ்ரீனா சிஞ்ஞோராவைக் கைப்பிடித்துச் சோபாவில் இருத்தினாள்.

எதிர்ச் சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியம். விக்டோரியா காலத்தில் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாய் வந்த ஆங்கிலேயப் பெண் ஒருத்தி வரைந்தது.

பழங்காலக் கற்கோபுரம். ஒடுங்கிய சாளரம். முடி தரித்த இளவரசி வெளியே பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, தொங்கும் சட்டைக் கைகளுக்குள் தன் கைகளை மறைத்தபடி.

சிஞ்ஞோரா அந்த இரண்டாமவளையே உற்றுப் பார்த்தார். அவள் காவல்காரியா என்று கேட்டார்.

பல்கனிக்கு வெளியே சீசா வட்டாரத்துக்கான பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்றுகூடச் செலஸ்ரீனாவால் கோயிலுக்குப் போக முடியவில்லை.

"இல்லை சிஞ்ஞோரா. அவவையும் பூட்டித்தான் வைச்சிருக்கினம். என்னைப்போல."

சிஞ்ஞோராவின் முகம் இளகியது. செலஸ்ரீனாவின் கன்னத்தைத் தடவினார். மேசையில் கிடந்த சியாகுல்லித் தோட்டத்து மாண்டரின் தோடம்பழத்தை எடுத்து உரித்தார்.

பாதியை அவளிடம் நீட்டினார். மற்றப் பாதியைத் தானே தின்னத் தொடங்கினார்.

சாறு நாடியில் வழிந்தது. செலஸ்ரீனா துடைக்கவில்லை. மனதுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

கடைசிச் சுளையை மட்டும் சிஞ்ஞோரா தின்னாமல், மேசைவிரிப்பில் தனியே வைத்தார்.

"இது சாவி வைத்திருக்கிறவருக்கு. பாவம், அவருக்கும் பசிக்கும்தானே."

கொஞ்ச நேரத்தில் சோபாவிலேயே உறங்கிப்போனார்.

செலஸ்ரீனா கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்தாள். சிலுவையோடு சேர்த்துக் கோத்திருந்த சாவி, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அந்தச் சுளையை எடுத்து வாயில் போட்டாள்.