வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் பிரணவ், ஒன்பது வயதில் பாடி ஊரையே ஆடவைத்த அதே குட்டி பிரணவ்தான். இப்போது முன்வழுக்கை. ஆனாலும் மாதம் ஒரு புதுப்பாட்டு வந்துகொண்டிருக்கிறது, அதே ஒன்பது வயதுக் குரலில். அந்தக் குரல் பாட்டுக் கம்பெனிக்குச் சொந்தமாம், கம்ப்யூட்டரை வைத்தே பாடவைக்கிறார்களாம்.

என் சந்தேகமெல்லாம் அவருடைய மகன் ஆதிரன் மேல். எட்டு வயது. சுதந்திர தினக் கொடியேற்றத்தில் எல்லாரும் பாட, இவன் வாயை மட்டும் அசைத்தான். நான் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தேன். சத்தமே இல்லை. பாடகர் வீட்டில் இது என்ன கதை?

நவராத்திரிக்கு இருவரும் எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தார்கள்.

“பாடினாத்தான்டா சுண்டல்,” என்றேன்.

“அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு மாமி,” என்றார் பிரணவ்.

“போன வருஷமும் இதையேதானே சொன்னீங்க.”

போன் வரவே அவர் வெளியே போனார். நான் விடுவேனா? கிண்ணத்தைப் பையனின் மூக்குக்கு நேரே காட்டினேன். இரண்டு வரி பாடினான். அச்சு அசல் குட்டி பிரணவ்.

மூன்றாவது வரிக்குள் எங்கள் வீட்டு டிவி தானாகப் பேசியது: “அனுமதியில்லாத குரல். இது இரண்டாவது எச்சரிக்கை.”

பிரணவ் ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்தினார்.

“மூணாவது வந்தா?” என்றேன், மெதுவாக.

“பேசவும் விடமாட்டாங்க. இன்னும் நாலஞ்சு வருஷம்தான் மாமி. குரல் உடைஞ்சிட்டா அவங்க குரல் மாதிரி இருக்காது, இவனை விட்டுடுவாங்க.”

நான் சுண்டலை நீட்டினேன். ஆதிரன் வாங்கிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தான். தேங்க்ஸ் என்றுதான் சொல்லியிருப்பான்.