ஸ்பெயின் திமிர்

"சிலிண்டர் தீரப் போவுது, புக் பண்ணி விடு கண்ணு." ரூபா இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

"நீயே பண்ணும்மா. உன் போன்லயே பண்ணலாம்" என்றாள் வைஷாலி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரூபாவுக்குச் சுர்ரென்று ஏறியது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குப் புள்ள கெஞ்சறேன்?"

"அப்ப தெரிஞ்சுக்கோ."

இப்படி எடுத்தெறிந்து பேசுகிற பெண்ணே இல்லை அவள். அப்பா கணேஷ்குமார் இறந்த பிறகு கரண்ட் பில், பேங்க், ரேஷன், டாக்டர் எல்லாமே அவள் தலையில்தான். முகம் சுளித்ததில்லை. ரூபா சத்தியமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு மைசூருக்கு வந்தவள். கன்னடம் பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. பஸ் போர்டைக்கூட மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் இந்த ஸ்பெயின் வந்ததிலிருந்துதான். அடுத்த வருஷப் படிப்பை அங்கே போய்ப் படிக்கக் காலேஜில் இரண்டு பேரைப் பொறுக்கியிருந்தார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. அதில் வைஷாலி ஒருத்தி. தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தவள் ரூபாதான். அந்தப் பூரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

சுகருக்கு டாக்டரிடம் போனால், கூட வந்தவள் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உன் உடம்பு, நீயே போய்ச் சொல்லு."

லைனிங் துணி வாங்கச் சந்தேப்பேட்டைக்குக் கூப்பிட்டால், "தனியாப் போயிட்டு வாம்மா" என்றாள். ரூபா பஸ் மாறி ஏறி, சாமுண்டி மலையில் போய் இறங்கினாள். வந்ததுதான் வந்தோம் என்று சாமி கும்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பினாள். அதைக் கேட்டு மகளுக்குச் சிரிப்பு வேறு.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் புலம்பினாள்.

"ஹௌது ரூபா, நிஜம்தான். இங்க இருக்கும்போதே இப்படின்னா, அங்க போனா உன்னைத் திரும்பியும் பார்க்க மாட்டா" என்றாள் கௌரம்மா. அவள் சொன்னதும் ரூபாவுக்குக் கோபம் வந்தது. தன் பெண்ணைத் தான் திட்டலாம், ஊரார் திட்டலாமா?

திட்டிக்கொண்டேதான் போனில் எதையெதையோ தட்டினாள். சிலிண்டர் வந்தது. அடுத்த மாசக் கரண்ட் பில்லையும் அப்படியே கட்டிவிட்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மிஷின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"கிளாஸ்ல இருக்கேன். நீயே பாரும்மா." கட் செய்துவிட்டாள்.

சாயங்காலம் வைஷாலி வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரூபா மிதிப்பதை நிறுத்தினாள்.

"வாங்க மகாராணி. மோட்டாரை யார் சரி பண்ணினான்னு கேக்க மாட்டியா? நான்தான். போர்டு படிக்கத் தெரியாட்டி என்ன, பஸ் நம்பர் தெரியுமில்ல? கழட்டித் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரன் புதுசு வாங்குங்கறான். 'அதெல்லா பேடா, ரிப்பேர் மாடிகொடி'ன்னு, புதுசு வேண்டாம், இதையே சரி பண்ணிக் குடுன்னு அங்கயே உக்காந்துட்டேன். சரி பண்ணிக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை பார்த்தான்."

"நிஜமாவா?"

"பின்ன? நீ கை விட்டா நான் மூலையில உக்காந்து அழுவேன்னு நினைச்சியா? நீ இல்லாமயும் என்ற பொழப்பு நல்லா ஓடும். போ, உன் ஸ்பெயினுக்கே போ. நான் பார்த்துக்குவேன்."

வைஷாலி கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

ரூபாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இங்க தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன். அதுல என்ன புள்ள நோண்டற?"

"ஸ்பெயினுக்கு வரேன்னு பதில் போடறேம்மா. இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் இல்லாம உன்னால முடியும்னு நீ சொல்லாம இருந்திருந்தா, வரலைன்னு போட்டிருப்பேன்."