மானிட்டர் எழுதிய பெயர்

"யாரு சிரிச்சது?" என்று என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அறையில் நாங்கள் இருவர்தான். இருவருமே சிரிக்கவில்லை. சிரித்தது பாட்டு.

புது ஸ்பீக்கர்கள் அன்று காலைதான் வந்திருந்தன. என் தம்பி பரிசாக அனுப்பிய ஜோடி. ஆளுக்கொரு பிஸ்கட் டின் உயரம், முதுகில் ஆளுக்கொரு சுவிட்ச், நெற்றியில் ஆளுக்கொரு நீல விளக்கு. தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், எல்லாம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறதாம். துணி காயப்போடும் அறையை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொள்கிற எங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஸ்பீக்கர் என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும். மானிட்டர் என்று சொல்ல வேண்டும். சாதா ஸ்பீக்கர் பாட்டுக்குப் பவுடர் பூசிவிடுமாம். மானிட்டர் உள்ளதை உள்ளபடி சொல்லுமாம்.

எனக்கு உடனே புரிந்தது. ஐந்தாம் வகுப்பில் நான்தான் மானிட்டர். டீச்சர் வெளியே போனால் போதும், போர்டில் 'பேசியவர்கள்', 'சிரித்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, ஒரு பெயர் விடாமல் எழுதிப் போட்டுக்கொடுப்பேன்.

இந்த இரண்டும் வந்த அரை மணி நேரத்தில் போட்டுக்கொடுத்துவிட்டன. குடை விளம்பரப் பாட்டின் கடைசி வார்த்தையில், என் குரலுக்கு அடியில், 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு. பழைய ஸ்பீக்கரில் ஒரு வாரம் கேட்டும் அது காதில் விழவில்லை.

நான்கு மணிக்குக் குடைக் கம்பெனிக்காரர் வருகிறார். ஏற்கெனவே இரண்டு முறை, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நனையலையே சார்" என்று திருப்பி அனுப்பியவர். இது மூன்றாவது. இதுவும் ஆகாவிட்டால் ஸ்டூடியோவை மூடிவிட்டு அண்ணனுடைய டைல்ஸ் கடைக்கே திரும்பிவிடுவதாக இவர் சொல்லியிருந்தார். அங்கே இவருடைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அது காலியாகவே கிடக்கட்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

சிரிப்பை வெட்ட முடியாது. வெட்டினால் கடைசி வார்த்தையும் சேர்ந்து போய்விடும். மறுபடி பாடவும் வழியில்லை. சம்பளமில்லாத பாடகிக்கு முந்தாநாளிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டது. என்னைவிடத் தவளை தேவலாம்.

ஆகவே விசாரணை தொடங்கியது.

ரெக்கார்டிங் அன்று கதவு சாத்தியிருந்தது. வெளியே சிவப்பு பல்பு எரிந்தது. அது எரிந்தால் வீட்டில் யாரும் எச்சில்கூட விழுங்கக் கூடாது. இந்த முறையாவது நனையட்டும் என்று நான் நிஜக் குடை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். கடைசி வரி வந்ததும் விரித்தேன். அந்த இத்தனூண்டு அறையில் அது இவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அப்போதும் தான் மூச்சே விடவில்லை என்றார் இவர்.

நான் பாடிக்கொண்டிருந்தேன், அதனால் நானில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. மிச்சம் என் மாமியார்.

அத்தை சிரித்து நான் பார்த்தது அபூர்வம். ஆனாலும் இவர் விடவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து, இரண்டு மானிட்டருக்கும் நடுவில் உட்கார வைத்து, அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார்.

அத்தை ஒரு முறை கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்லப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

பெற்ற தாயைச் சந்தேகப்பட்டு அழவைத்துவிட்டோமே என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அத்தைக்குக் காபி போடப் போனேன்.

நான்கு மணிக்குக் கம்பெனிக்காரர் டாணென்று வந்தார். மடக்கிய குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு கேட்டார். மொத்தமே இருபது விநாடிப் பாட்டு. கடைசி வார்த்தை நெருங்கியபோது இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

க்ளுக்.

"சார், இப்பதான் நனைஞ்சிருக்கு! அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துடாதீங்க. யாரு சார் அது?"

தெரியவில்லை என்று இவர் உண்மையைச் சொன்னார். கம்பெனிக்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்தக் குஷியில் குடையை மறந்துவிட்டுப் போனார்.

இவர் மானிட்டர்களின் முதுகுச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். வேலை கிடைத்துவிட்டது, டைல்ஸ் கடை தப்பியது. ஆனாலும் மனிதருக்கு அந்தச் சிரிப்பு மண்டையைக் குடைந்தது. உனக்காவது தெரியுமா என்று என்னைப் பார்த்தார்.

தெரியும். காலையில் முதல் தடவை கேட்டபோதே தெரியும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். ஸ்டூடியோ தொடங்கிய இந்த ஒன்றரை வருஷமாக அது இந்த வீட்டில் கேட்கவில்லை. எனக்கு ஏக்கமாகவே இருந்தது. அத்தைக்கும் அப்படித்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவரில் வேலைகளைக் குறித்து வைக்கிற வெள்ளைப் போர்டு இருந்தது. அழித்துவிட்டு, 'சிரித்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அடியில் ஒரே ஒரு பெயரை எழுதினேன்.

இவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை மறுபடி படித்தார்.

க்ளுக்.

நீல விளக்குகள் இரண்டும் அணைந்துதான் இருந்தன.