ஒட்டிக்கிடக்கும் எண்பது பக்கங்கள்

மார்ச் மாதத்து மெலிந்த வெயில் லண்டன் பத்திரிகை அலுவலகத்தின் மேசையில் விழுந்து கிடக்கிறது. லாவினியா தோர்ன் கையுறையைக் கழற்றிவிட்டு, முதல் இரண்டு பாகங்களால் தன்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாத நாவலின் மூன்றாம் பாகத்தைக் கையில் எடுக்கிறாள். ஆசிரியர் பென்ரோஸ் தேநீரைக் கலக்கியபடி, "இதுக்கு எதுக்கு இன்னொரு மதிப்புரை? முடிவு சப்புன்னு இருக்குன்னு கிராடக்தான் எழுதிட்டாரே," என்கிறார். கணப்பருகே சுருட்டோடு சாய்ந்திருக்கும் கிராடக் சிரிக்கிறார். "பொம்பளை எழுதினா வேற எப்படிம்மா இருக்கும்? முழுசாப் படிச்சுட்டுத்தான் சொல்றேன்." "இந்தப் பிரதியிலயா படிச்சீங்க?" "அதேதான். என் கையெழுத்துகூட இருக்கு பாருங்க." இருக்கிறது. ஆனால் கடைசி எண்பது பக்கங்களும் அச்சகத்தில் மடித்துத் தைத்தபடியே, வாசிப்பவர் கத்தியால் அறுத்துப் பிரிக்க வேண்டிய ஓரம் அறுபடாமல் ஒட்டிக்கிடக்கின்றன. அவள் மேசைமேலிருக்கும் தந்தக் கத்தியை முதல் மடிப்பில் நுழைத்து நிதானமாக இழுக்கிறாள். சர்ரென்று காகிதம் பிரியும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. தேநீர்க் கரண்டி நின்றுபோகிறது. சுருட்டுச் சாம்பல் கிராடக்கின் வயிற்றில் உதிர்கிறது, அவர் தட்டிவிடவில்லை. இரண்டாம் மடிப்பு. மூன்றாம் மடிப்பு. பென்ரோஸ் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார். வெயில் படும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவள் சொல்கிறாள்: "முடிவு எப்படின்னு நான் படிச்சுட்டே சொல்றேன், மிஸ்டர் கிராடக்."