சிவப்பு எழுத்து

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் புது வண்டிகளுக்குப் பூஜை நடக்கிறது. புருஷோத்தமனின் சொகுசுக் காருக்குப் பக்கத்தில் அதே கார், அதே கறுப்பு. அர்ச்சகர் அதன் நான்கு புகைக்குழாய்களுக்கும் சந்தனம் வைத்துவிட்டு இதற்கு வருகிறார், இரண்டோடு நிமிர்ந்துவிடுகிறார். "ஏன்டா, அதுக்கு நாலு கீது, நம்மளுக்கு ரெண்டுதானா?" என்கிறார் அப்பா கங்கையா. "ரெண்டும் ஒரே கம்பெனிதான் நைனா" என்று சொல்லிப் புருஷோத்தமன் சாவியைக் குனிந்து பார்க்கிறான். பக்கத்துக் கார் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. வேக மாடலுக்கு மட்டுமே உரிய சிவப்பு எழுத்து புருஷோத்தமன் காரின் பின்கதவிலும் மின்னுகிறது. ரேணிகுண்டாவில் தனியாக வாங்கி அவன் ஒட்டியது. ஊரெல்லாம் 'ரேஸ் வண்டி' என்று சொல்லி வைத்திருக்கும் கங்கையா, அந்த எழுத்துக்கு ஈர மஞ்சளால் பொட்டு வைக்கிறார். வெயிலில் பசை இளகி, எழுத்து விரலோடு வருகிறது. அவர் மகனைப் பார்க்கவில்லை. அதை இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். "மாமா, கைய எடுங்க, எழுத்து மறைக்குது" என்கிறாள் மருமகள் பத்மினி, போனைத் தூக்கிப் பிடித்தபடி. "இருக்கட்டும்மா, இப்டியே எடு." தகடு கொதிக்கிறது. கை அங்கேயே இருக்கிறது. அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்று புருஷோத்தமன் சிரிக்க வேண்டியிருக்கிறது.